கிணற்று நீரும் புற்றரையும்

தொண்டை நாடு ஏரிகளால் வளம் பெற்ற நாடு. வற்றாத பேராறு ஒன்றும் அந்நாட்டிற்கு வாய்க்கவில்லை. பாலாறும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறாகவே காட்சி அளிக்கும். ஆதலின் அந்நாட்டு முன்னோர், மாரிக்காலத்து மழைநீரைக் கரை கட்டி ஏரிகளில் தேக்கினர். நிலத்தினுள் இறங்கிய நீரைக் கிணறும் கேணியும் அகழ்ந்து எடுத்தனர். மேலே ஏரி நிறைந்தால் கீழே ஊற்றுப் பெருகும். ஏரி வறண்டால் ஊற்றும் தளரும். கண்ணுக்குத் தெரியும் நீரும் தெரியாத நீரும் உடன்பிறந்தவை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்த பழம்பதி குன்றத்தூர். அது சென்னைக்குத் தென்மேற்கே உள்ளது. குன்றின்மேல் முருகன் கோயிலும், குன்றின் அடியில் ஊரும் அமைந்திருத்தலின் அப்பெயர் அதற்கு மிகவும் பொருந்துவதாயிற்று. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அதுவே. அவர் எழுப்பிய திருநாகேச்சரம் என்னும் கோயில் இன்றும் அங்கு விளங்குகின்றது. ஊருக்கு மேற்குப் புறத்தில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. தெற்கே அடையாறு செல்கின்றது. ஏரியும் ஆறும் அருகில் இருக்கும் ஊரில் நீர்க்குறை உண்டாகுமோ என்று ஐயுறுவார் உளர். உண்டாகும் என்பதே அண்மைக் காலம் கற்பித்த பாடம்.

முற்காலத்தில் இத்தகைய ஊர்களில் வீட்டிற்குப் பின்னே புழைக்கடையும், அங்கே ஓர் உறைக்கிணறும் இருக்கும். சுட்ட மண்ணால் இயன்ற உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு அமைக்கும் தொழில் தமிழர்க்கு மிகப் பழமையானது. கீழடியில் நிகழ்ந்த அகழாய்வுகளில் அத்தகைய கிணறுகள் வெளிப்பட்டுள்ளன. புழைக்கடைக் கிணற்றின் அருகே துவைகல் ஒன்று கிடக்கும். கல்தொட்டி ஒன்று இருக்கும். குளித்த நீரும், பாத்திரம் கழுவிய நீரும் சிறு வாய்க்கால் வழியே வாழைப் பாத்திக்குச் செல்லும். கல்வாழையும் சேம்பும் அந்த ஈரத்திலேயே செழித்து நிற்கும். கிணற்றிலிருந்து ஒருமுறை இறைத்த நீர் இருமுறை பயன்பட்ட பின்னரே மண்ணிற்குத் திரும்பியது. சிக்கனம் என்று அதனை எவரும் பெரிதாகப் பேசவில்லை. அது வீட்டு வழக்கமாகவே இருந்தது.

அவ்வழக்கம் நிலைத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு குடம் நீரையும் கையால் இறைக்க வேண்டியிருந்தது. கயிறு உள்ளங்கையை உறுத்தும், தோள் வலிக்கும். தோட்டத்திற்கு நீர் பாய்ச்ச ஏற்றம் இறைப்பவர் களைத்து இளைப்பாறுவர். அவர்கள் இளைப்பாறும்போது கிணறும் இளைப்பாறியது. ஊற்றுச் சுரந்து நீர் மீண்டும் நிறைந்தது. மனித உடம்பின் களைப்பே கிணற்றிற்குக் காவலாக இருந்தது எனலாம். மின்விசையால் இயங்கும் மோட்டாருக்குக் களைப்பு இல்லை. பொத்தானை அழுத்தியவர் மறந்து உறங்கினும் அது இறைத்துக்கொண்டே இருக்கும். களைப்பு என்னும் காவல் நீங்கியபின், அவ்விடத்தில் அறிவு காவலாக நிற்றல் வேண்டும்.

நிலத்தடி நீர் எங்கே, எவ்வாறு தங்குகின்றது என்பதை அறிதல் அதற்கு முதற்படியாகும். மண்ணுக்குக் கீழே பெரிய குளம் ஒன்று கிடக்கின்றது எனச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. மழைநீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மெல்லக் கீழிறங்குகின்றது. மணல், சரளை ஆகியவற்றின் இடைவெளிகளில் அது நிறைகின்றது. இடைவெளிகள் எல்லாம் நிறைந்து நிற்கும் பகுதியின் மேல்மட்டமே நிலத்தடி நீர்மட்டம் எனப்படும். பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் மண்படலத்திற்குக் கீழே கடும்பாறை உள்ளது. சார்னோகைட்டு என்னும் அப்பாறை இறுகியது. தன்னுள் நீரை ஏற்காதது. அதன் மேற்பகுதி வெயிலாலும் மழையாலும் சிதைந்து தளர்ந்த இடத்திலும், அதன் உட்பகுதி வெடித்த பிளவுகளிலும் மட்டுமே நீர் தங்க இயலும். ஆகவே அங்குள்ள நீர்ச்சேமிப்பு அளவிற்குட்பட்டது. மழை நன்கு பெய்தால் விரைவில் நிறையும். மிகுதியாக எடுத்தால் விரைவில் தீரும்.

கிணறு என்பது அந்நீர் ஊறி வந்து கூடும் கலமேயாகும். பகலில் இறைத்த கிணறு இரவில் ஊறி விடியலில் நிறைந்திருக்கும். இவ்வாறு ஊறிச் சேர்ந்த நீரைக்கொண்டு தோட்டம் வளர்த்தல் தவறன்று. எவ்வளவு ஊறுகின்றதோ அவ்வளவிற்குள் எடுத்தலே முறை. அதனை அளந்து அறிதல் மாணவர்க்கும் எளிது. கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி, பெரியவர் ஒருவர் உடனிருக்க, மாலையில் இறைத்து முடித்தபின் நீர்மட்டத்தை அளத்தல் வேண்டும். விடியலில் மீண்டும் அளத்தல் வேண்டும். 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் நீர் 30 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பின், ஏறத்தாழ 940 லிட்டர் ஊறியுள்ளது என்பது கணக்கு. கிணற்றின் ஒருநாள் வருமானம் அது. அதற்குமேல் எடுப்பது முதலை அழிப்பதாகும். வருமானம் மாதந்தோறும் மாறும். தைத்திங்களில் இருந்த ஊற்று சித்திரையில் இராது. ஆதலின் மாதம் ஒருமுறையேனும் அளந்து ஏட்டில் எழுதி வைத்தல் நன்று.

இனி, புற்றரையின் இயல்பு யாது என்பதை நோக்குவோம். வீட்டின்முன் பசும்புல்லைக் கம்பளம்போல் வளர்க்கும் வழக்கம் ஆங்கிலேயர் வாயிலாக நம் நாட்டில் பரவியது. அவர்தம் நாட்டில் ஆண்டு முழுவதும் இடைவிடாது சிறுமழை பெய்யும், வெயிலும் மென்மையானது. அங்கே வானமே புல்லிற்கு நீர் பாய்ச்சுகின்றது. சென்னைப் பகுதியின் நிலை அதற்கு மாறானது. அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் ஐந்தில் மூன்று பங்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். பிப்ரவரி முதல் மே வரை வானம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். புல்லுக்குத் தாகம் மிகும் காலமும், மண்ணில் நீர் குறையும் காலமும் அங்கே ஒன்றாகின்றன. இதுவே இடர்ப்பாட்டிற்கு வேர்.

அத்தாகத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்கு நீர் நிற்குமானால், அதன் அளவு ஒரு லிட்டர். கோடையில் புற்றரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை வெயிலுக்கும் காற்றிற்கும் இழக்கின்றது. ஆகவே 100 சதுர மீட்டர்ப் புற்றரைக்கு ஒருநாளைக்கு 500 லிட்டர் வேண்டும். இந்திய நகரங்களுக்கு நீர்வழங்கும் திட்டங்கள் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என அளவு கொள்கின்றன. எனவே அப்புற்றரை ஒன்றே ஏறத்தாழ நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் நீரைப் பருகுகின்றது. 150 நாள் கோடைக்கு அதன் தேவை 75,000 லிட்டராகும்.

வரவையும் நோக்குவோம். 100 சதுர மீட்டர்ப் பரப்புள்ள மாடியின்மீது ஓராண்டில் பெய்யும் மழை 1,40,000 லிட்டர். ஆவியாகியும் சிதறியும் போவது ஐந்தில் ஒரு பங்கு எனக் கழித்தாலும் 1,12,000 லிட்டர் எஞ்சும். அதனை முழுவதும் கிணற்றிலோ மண்ணிலோ செலுத்திய வீட்டுக்காரர், புல்லிற்கு 75,000 லிட்டர் எடுப்பது எளிது என மகிழலாம். ஆனால் அவ்வீட்டில் வாழும் நால்வருக்கும் ஓராண்டுக்கு வேண்டும் நீர் 1,97,100 லிட்டர். மண்ணிடமிருந்து வாங்குவது ஏறத்தாழ இரண்டு இலட்சத்து எழுபத்திரண்டாயிரம் லிட்டர். திருப்பித் தருவது ஓர் இலட்சத்துப் பன்னீராயிரம் லிட்டர். வெறுநிலத்தில் விழுந்து ஊறும் மழையும் உண்டு. ஆயினும் முற்றம் முழுவதும் கல்லும் சிமிட்டியும் பாவிய மனைகளில் அது மிகக் குறைவு. ஆகவே பெரிய புற்றரை பெரும்பாலும் கடன் வாங்கி வளர்க்கப்படுவதே என்பது தெளிவு.

அக்கடனைக் கொடுப்பவர் யார்? அடுத்த வீட்டாரே. ஒரு தெருவில் இரண்டு வீடுகள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். ஒரு வீட்டில் 8 மீட்டர் ஆழமுள்ள உறைக்கிணறு. மற்றொரு வீட்டில், மக்கள் ‘போர்’ எனக் கூறும் ஆழ்துளைக் கிணறு. அதன்மேல் ஆற்றல் மிக்க மோட்டார். இரண்டாம் வீட்டார் தம் புல் வாடாதிருக்க நாள்தோறும் நெடுநேரம் இறைக்கின்றனர். சுற்றிலுமுள்ள மண்ணின் நீர் அத்துளையை நோக்கி இழிகின்றது; நீர்மட்டம் தாழ்கின்றது. முதல் வீட்டுக் கிணற்றின் அடியில் சேறு தெரிகின்றது. அவ்வீட்டு மூதாட்டி லாரி நீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கின்றாள். ஒரு மதிலுக்கு இப்புறம் புல் பசுமையாய் இருக்கின்றது; அப்புறம் குடம் காய்ந்து கிடக்கின்றது. இரண்டாம் வீட்டார் தீயவர் அல்லர். மதில் மண்ணுக்கு மேலே மட்டுமே உள்ளது, மண்ணுக்குக் கீழே இல்லை என்பதை அவர்கள் நினையாதவர், அவ்வளவே.

அங்ஙனமாயின் வீட்டில் புல்லே வளர்த்தல் ஆகாதோ என்னும் வினா எழும். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. புல் மண்ணைப் பற்றிக் காக்கின்றது, மழைநீர் ஓடிவிடாமல் தடுத்து உள்ளே இறங்கச் செய்கின்றது, வெப்பத்தைத் தணிக்கின்றது. சிமிட்டி பாவிய முற்றத்தினும் புல் படர்ந்த முற்றமே ஊற்றிற்கு நன்மை தருவது. வேண்டுவன அளவும் வகையும் முறையும் ஆகும்.

முதலாவது அளவு. குழந்தைகள் விளையாடவும் பெரியோர் அமரவும் 25 சதுர மீட்டர் போதும். அதன் கோடைத் தேவை நாளொன்றுக்கு 125 லிட்டரே. குளிக்கும் நீரில் 100 லிட்டரைத் தோட்டத்திற்குத் திருப்பினால், கிணற்றிலிருந்து புதிதாக எடுக்க வேண்டுவது 25 லிட்டர்தான். சவர்க்கார நீர் செல்லும் இடத்தில் முதலில் கல்வாழையை வளர்த்து, மணலும் சரளையும் இட்டு வடியவிடுதல் நலம். எஞ்சிய நிலத்தில் வேம்பு, மா, தென்னை, செம்பருத்தி முதலியவற்றை வைக்கலாம். நிழல் தருவதோடு அவை காயும் பூவும் கொடுக்கும்.

இரண்டாவது வகை. நம் நாட்டு அறுகம்புல் வெயிலுக்கு அஞ்சாதது. கோடையில் அது பழுத்துக் கருகியதுபோல் தோன்றும். ஆயினும் வேரும் தண்டும் உயிரோடு இருக்கும். முதல் மழை பெய்தவுடன் மீண்டும் தளிர்க்கும். ‘அறுகுபோல் வேரோடி’ என வாழ்த்தும் மரபு அதன் இவ்வுறுதியைக் கண்டே எழுந்தது. சித்திரை வெயிலில் புல் சற்றுப் பழுப்பது இயற்கை. அதனைப் பொறுத்தல் அழகுணர்ச்சிக்கு இழுக்கன்று.

மூன்றாவது முறை. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும். வெயில் ஏறியதும் புல் வாடும். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையுமாறு பாய்ச்சினால் வேர் நீரைத் தேடிக் கீழிறங்கும். நண்பகலில் பாய்ச்சும் நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். விடியற்காலையே ஏற்ற வேளை. புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விட்டால் மண்ணிற்கு நிழல் கிடைக்கும், ஈரம் நிலைக்கும். மரம், காய்கறி, புல் என்னும் வரிசையில் நீர் பங்கிடுதல் அறிவுடைமை. வாடிய புல்லை மழை மீட்கும். வாடிய மரத்தை மீட்டல் அரிது.

இவற்றோடு, கையில் வந்தும் வீணாகும் நீர் ஒன்று உண்டு. பருவமழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலெழுகின்றது. அப்பொழுது தாழ்ந்த பகுதிகளிலுள்ள கட்டடங்களின் நிலவறைகளில் நீர் கசிந்து நிற்கும். அதனை ஒரு குழியில் சேர்த்து மோட்டாரால் தெருவில் இறைத்துவிடுகின்றனர். தெருவிலோ முன்னரே வெள்ளம் தேங்கியிருக்கும். அந்நீர் மண்ணின் நீரே, பெரும்பாலும் தெளிந்தது. மழை ஓய்ந்து தை பிறந்தபின்னும் சில கிழமைகள் அக்கசிவு நீடிப்பதுண்டு. அக்காலத்தில் அதனை மூடிய தொட்டியில் சேர்த்துத் தோட்டத்திற்குப் பாய்ச்சினால், தெருவும் சேறாகாது. கிணறும் ஓய்வு பெறும். தொட்டி மூடியிருத்தல் இன்றியமையாதது. திறந்து கிடந்தால் கொசு பெருகும். சிறுவர் தவறி விழவும் கூடும்.

சேர்த்த நீரின் தன்மையையும் ஆராய்தல் வேண்டும். கழிவுநீர்த் தொட்டி அருகில் இருந்தால் அதன் கசிவு கலந்திருக்கலாம். நாற்றமே அதனைக் காட்டிவிடும். நீர் பாய்ந்த மண்ணில் வெண்மையான பூப்புத் தோன்றினாலும், இலைகளின் ஓரம் கருகினாலும் உப்பு மிகுதி என அறியலாம். நிறமும் மணமும் காட்டாத தீங்கும் உண்டு. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அதனைச் சூழ்ந்த பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் கலந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. மண்ணில் ஒருமுறை கலந்த நஞ்சு எளிதில் நீங்குவதன்று. ஆதலின் ஐயம் உள்ள நீரைக் காய்கறிக்குப் பாய்ச்சுமுன் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ளுதல் கடமை.

எடுத்ததைத் திருப்பித் தருதல் யாவற்றினும் தலையாயது. மாடியில் விழும் மழைநீரைக் குழாய் வழியே கொணர்ந்து, கூழாங்கல்லும் சரளையும் மணலும் இட்ட குழியில் வடியச் செய்து, கிணற்றிலோ உறிஞ்சுகுழியிலோ விடுதல் வேண்டும். பருவத்தின் முதல்மழை மாடியின் தூசியைக் கழுவி வருமாதலின் அதனை மட்டும் வெளியே விடுதல் முறை. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கட்டடந்தோறும் மழைநீர்ச் சேமிப்பு அமைத்தல் 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் குழியை வெட்டச் செய்யும். ஆண்டுதோறும் அதனைத் தூர்வாரி மணலை மாற்றச் செய்வது வீட்டாரின் பொறுப்புணர்ச்சியே.

அப்பொறுப்பு எத்துணை இன்றியமையாதது என்பதைச் செம்பரம்பாக்கம் ஏரியே எடுத்துக்காட்டியது. 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளத்தக்கது அவ்வேரி. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெருமழையால் அது நிரம்பவே, விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றில் வெள்ளம் பெருகி இரு கரையிலும் வீடுகள் மூழ்கின. நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே ஏரி வறண்டு, அதன் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடிவரை வெள்ளம் கண்ட மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றனர். வானம் கொடுக்கத் தவறவில்லை என்று கூறுவதற்கில்லை. சில ஆண்டுகளில் மழை பொய்த்ததும் உண்மையே. எனினும் கொடுத்தபோது கொள்ளத் தவறியவர்க்கு, கொடாதபோது துணையாவது ஒன்றும் இல்லை.

இந்நிலை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலம் பாலை சூழ்ந்தது. அங்கு லாஸ் வேகாஸ் பகுதியில் எவரும் மிதித்து விளையாடாத, கண்ணுக்கு மட்டும் உரிய புல்வெளிகளை நீக்க வேண்டும் என 2021-ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். செல்வம் மிக்க நாட்டிலும் நீரைச் செல்வத்தால் படைத்துக்கொள்ள இயலவில்லை.

குன்றத்தூர்ச் சேக்கிழார் தம் நூலில் மன்னரையும் வேடரையும் மட்டுமன்றி, நீர்த்தொண்டு புரிந்தாரையும் போற்றினார். கண்பார்வை இல்லாத தண்டியடிகள் திருவாரூரில் குளத்தின் கரையிலும் நடுவிலும் கோல் நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் அகழ்ந்து குளத்தைப் பெருக்கினார் என்பது அவர் கூறும் வரலாறுகளுள் ஒன்று. திங்களூர் அப்பூதியடிகள் வழிச்செல்வோர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்பது மற்றொன்று. அவர்கள் தமக்கென நீர் தேடியவர் அல்லர்.

அவரைப் போலப் பெருங்குளம் அகழ யாவர்க்கும் இயலாது. ஆயினும் தன் மாடி மழையை மண்ணுக்கு அனுப்புதல், ஊறிய அளவிற்குள் எடுத்தல், குளித்த நீரை வாழைக்குத் திருப்புதல், சித்திரையில் தன் புல் சிறிது வாடப் பொறுத்தல் ஆகியவை யாவர்க்கும் இயலும். தன் முற்றத்துப் புல்லின் பசுமையினும் அடுத்த வீட்டுக் குடத்தின் ஈரம் பெரிது என எண்ணுபவர் வாழும் தெருவில், கோடையிலும் கிணறு வற்றாது.